மரத்தில் கட்டலாமா, கூடாதா?

நடவுக் காலத்தில் வயலோரமாகப் போகும்போது இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். வரப்பை ஒட்டி நிற்கும் வேப்ப மரத்தின் கிளையில் ஒரு பழைய சேலை தூளியாகத் தொங்கும். உள்ளே குழந்தை உறங்கும். சற்றுத் தொலைவில் தாய் நாற்று நட்டுக்கொண்டிருப்பாள். அந்தத் தூளியால் மரத்துக்கு ஏதாவது கெடுதி உண்டா என்று நாம் கேட்டதே இல்லை. கேட்கத் தேவையும் இல்லை. குழந்தையின் எடை ஐந்தாறு கிலோ. சேலையோ அகலமான, மென்மையான துணி. கிளையோ நல்ல பருமன்.

ஆனால், அந்தத் தூளியில் படுப்பவர் 60 கிலோ எடையுள்ள பெரியவராக இருந்தால்? சேலைக்குப் பதில் மெல்லிய நைலான் கயிறு இருந்தால்? ஒருவர் எழுந்து போனதும் அதே மரத்தில் அடுத்தவர் வந்து கட்டினால்? நாள்தோறும் இப்படியே நடந்தால்?

அமெரிக்காவின் பொதுப் பூங்காக்களில் எழுந்துள்ள கேள்விகள் இவைதாம். அங்கே 'ஹாமக்' எனப்படும் தொங்குபடுக்கையை இரு மரங்களுக்கிடையே கட்டி, பகலில் படித்துக்கொண்டு கிடப்பதும், இரவில் அதிலேயே உறங்குவதும் இளைஞர்களிடையே பெரிதும் பரவியுள்ளன. சில பூங்காக்கள் இதை அனுமதிக்கின்றன. சில கட்டுப்பாடு விதிக்கின்றன. சில அடியோடு தடுக்கின்றன. "மரத்தில் ஒரு கயிறு கட்டினால் என்ன குடிமுழுகிவிடும்?" என்கிறார்கள் ஒரு சாரார். "மரத்தைத் தொடாதே!" என்கிறார்கள் மறு சாரார். இவ்விரண்டில் எது சரி? இரண்டுமே முழுக்கச் சரியல்ல என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். நீங்களே எடைபோட்டுப் பாருங்கள்.

தீவிலிருந்து வந்த படுக்கை

தொங்குபடுக்கை புதிய பொருள் அன்று. 1492-ஆம் ஆண்டு கொலம்பஸ் கரீபியன் தீவுகளை அடைந்தபோது, அங்கு வாழ்ந்த மக்கள் வலைபோல் பின்னிய படுக்கைகளைக் கட்டித் தொங்கவிட்டு உறங்குவதைக் கண்டார். அத்தீவுகளில் வாழ்ந்த டைனோ மக்களின் மொழியிலிருந்தே 'ஹாமக்' என்ற சொல் ஐரோப்பிய மொழிகளுக்குப் போயிற்று. ஈரத் தரையையும், ஊர்வனவற்றையும், எறும்பையும் தவிர்க்க இதைவிட எளிய வழி வேறில்லை. பிற்காலத்தில் மாலுமிகளும் இதை விரும்பி ஏற்றுக்கொண்டார்கள். கப்பல் சாய்ந்தாலும் தொங்குபடுக்கை செங்குத்தாகவே தொங்கும். உறங்குபவர் உருண்டு விழமாட்டார். மடித்து வைத்தால் இடமும் அடைக்காது.

ஆகவே இந்தப் படுக்கையின்மேல் குறை சொல்வதற்கில்லை. குறை இருந்தால் அது கட்டும் இடத்திலும், கட்டும் விதத்திலும், கட்டுவோர் எண்ணிக்கையிலும்தான் இருக்கவேண்டும்.

விதி என்ன சொல்கிறது?

அமெரிக்க தேசியப் பூங்காத் துறை 1916-ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டது. பூங்காக்களை மக்கள் கண்டு மகிழவேண்டும். அதே சமயம், பின்வரும் தலைமுறைகளுக்கும் அவை கெடாமல் கிடைக்கவேண்டும். இவ்விரண்டும் அத்துறைக்குச் சட்டம் இட்ட பணிகள். படிக்க எளிதாக இருக்கிறது அல்லவா? நடைமுறையில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கும். 2024-ஆம் ஆண்டில் மட்டும் அத்துறையின் பூங்காக்களில் பதிவான வருகைகள் சுமார் 33 கோடி!

அந்நாட்டுத் தேசியப் பூங்காக்களுக்கான பொது விதிகள் தாவரங்களுக்கு ஊறு செய்வதைத் தடுக்கின்றன. இரவில் தங்கும் நோக்கத்தோடு கூடாரம் அடித்தாலும் சரி, வெறும் படுக்கையை விரித்தாலும் சரி, அது முகாமிடுதல் என்றே கொள்ளப்படும். அதற்கென ஒதுக்கிய இடங்களுக்கும், அனுமதிச் சீட்டுக்கும் அது கட்டுப்பட்டது. இவற்றின் மேல், அந்தந்தப் பூங்காவின் கண்காணிப்பாளர் தம் இடத்துக்கு ஏற்ற விதிகளைச் சேர்க்கலாம். எனவேதான் ஒரு பூங்காவில் அனுமதிக்கப்படுவது இன்னொன்றில் தடுக்கப்படுகிறது. நகரப் பூங்காக்களும் மாநிலப் பூங்காக்களும் தத்தமக்கெனத் தனி விதிகள் வைத்திருக்கின்றன.

இப்படி இடத்துக்கு இடம் வேறுபடுவதைக் கேலி செய்பவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன். மரங்கள் இடத்துக்கு இடம் வேறுபடும்போது விதியும் வேறுபடத்தான் வேண்டும். ஆனால் அந்த வேறுபாட்டுக்குக் காரணம் மரத்திலும் மண்ணிலும் இருக்கவேண்டும். அதிகாரியின் விருப்பு வெறுப்பில் இருக்கக்கூடாது. அந்தக் காரணத்தைத்தான் இப்போது தேடப்போகிறோம்.

மரத்தின் உயிர் எங்கே இருக்கிறது?

பருத்த மரத்தைப் பார்த்தால், அதன் உயிர் நடுவே, வைரம் பாய்ந்த கட்டைக்குள் இருப்பதாகத் தோன்றும். உண்மை நேர்மாறானது. நடுக்கட்டை பெரும்பாலும் உயிரற்ற திசு. நடுப்பகுதி உளுத்துப்போன பிறகும் பல்லாண்டு தழைத்து நிற்கும் மரங்களைப் பார்க்கிறோம் அல்லவா?

உயிருள்ள பகுதி மரப்பட்டைக்கு அடியில் மெல்லிய உறைபோல் இருக்கிறது. இலைகள் தயாரிக்கும் சர்க்கரையை வேர்களுக்கு எடுத்துச் செல்லும் ஃபுளோயம் அங்கேதான் உள்ளது. அதற்கு உள்ளே, சில செல்களே தடிப்புள்ள கேம்பியம் என்னும் படலம் இருக்கிறது. உட்புறம் புதிய மரக்கட்டையையும், வெளிப்புறம் புதிய ஃபுளோயத்தையும் உண்டாக்கி மரத்தைப் பருக்கச் செய்வது அதுவே.

இத்தாலிய விஞ்ஞானி மார்ச்செல்லோ மால்பிகி 17-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு சோதனை செய்தார். மரத்தண்டைச் சுற்றி ஒரு வளையம் அளவுக்குப் பட்டையை உரித்துவிட்டார். சிறிது காலத்தில், உரித்த இடத்துக்கு மேலே பட்டை வீங்கிற்று. கீழ்நோக்கி வந்த உணவு போக வழியின்றி அங்கே தேங்கிவிட்டது. இப்படிப்பட்ட மரம் உடனே வாடிவிடாது என்பதைக் கவனியுங்கள். வேரிலிருந்து தண்ணீர் மேலே போவது உள்ளிருக்கும் ஸைலம் வழியாக, அது அறுபடவில்லை. இலை பசுமையாகவே இருக்கும். ஆனால் உணவு கிடைக்காத வேர்கள் மெல்ல மெல்லப் பட்டினியால் சாகும். மரம் காயும்போது, காயப்படுத்தியவர் எப்போதோ ஊர் திரும்பியிருப்பார்.

இந்த வழக்கின் மையமே இதுதான். குற்றத்துக்கும் அதன் விளைவுக்கும் இடையே மாதங்களோ ஆண்டுகளோ ஓடிவிடுகின்றன. "நான் கட்டினேன், மரம் நன்றாகத்தான் இருந்தது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த வரையில் மரம் நன்றாகத்தான் இருந்தது.

கயிறா, நாடாவா?

இனிச் சிறிது கணக்குப் போடுவோம். தூளி ஒரே கிளையிலிருந்து நேர்கீழாகத் தொங்குகிறது. எனவே கிளை தாங்குவது குழந்தையின் எடையை மட்டுமே. தொங்குபடுக்கை அப்படியல்ல. இருபுறமும் கயிறுகள் சாய்வாக இழுக்கின்றன. கயிறு கிடைமட்டத்தோடு 30 பாகைக் கோணத்தில் இருந்தால், 60 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது ஒவ்வொரு கயிற்றிலும் 60 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை உண்டாகிறது. படுக்கை தொய்யக்கூடாது என்று விறைப்பாக இழுத்துக் கட்டினால், கோணம் குறையும், விசை கூடும். 10 பாகையில் அது 173 கிலோ எடைக்குச் சமம். 5 பாகையிலோ 344! படுப்பவர் அதே ஆள்தான். மரத்தின் பாடு மட்டும் ஏறத்தாழ ஆறு மடங்காகிவிட்டது.

இதை நம்பமுடியவில்லையா? இரண்டு சுருள்வில் தராசுகளை இரு ஆணிகளில் மாட்டி, கொக்கிகளை ஒரு நூலால் இணைத்து, நடுவில் ஒரு கிலோ படிக்கல்லைத் தொங்கவிடுங்கள். ஆணிகள் நெருங்கியிருக்கும்போது ஒவ்வொரு தராசும் ஏறத்தாழ அரைக் கிலோ காட்டும். ஆணிகளை விலக்கிக்கொண்டே போனால், 30 பாகையில் ஒரு கிலோ. 10 பாகையில் கிட்டத்தட்ட மூன்று கிலோ. ஒரு கிலோ படிக்கல் மூன்று கிலோவாக இழுப்பதை உங்கள் கண்ணாலேயே காணலாம்.

அடுத்தது அழுத்தம். விசை எவ்வளவு என்பதோடு, அது எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பதும் முக்கியம். 20 செ.மீ. விட்டமுள்ள மரத்தில், அரை செ.மீ. அகலத்தில் மட்டும் பதியும் கயிற்றைக் கட்டினால், 60 கிலோ விசை சுமார் 10 சதுர செ.மீ. பரப்பில் இறங்கும். அதாவது சதுர செ.மீ.க்கு 6 கிலோ. நாடாக் கட்டிலில் பின்னும் நாடாவைப் போன்ற 5 செ.மீ. அகல நாடாவைக் கட்டினால், அது சதுர செ.மீ.க்கு 0.6 கிலோவாகக் குறைந்துவிடும். மெல்லிய கயிற்றையே 5 பாகைக் கோணத்தில் விறைப்பாகக் கட்டினாலோ, 34 கிலோவுக்கு ஏறிவிடும். நீங்கள் வெறுங்காலுடன் நிற்கும்போது தரையின்மேல் சதுர செ.மீ.க்குக் கால் கிலோ அளவுக்குக்கூட அழுத்தம் விழுவதில்லை என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவை தோராயக் கணக்குகள்தாம். மரப்பட்டையின் சொரசொரப்பும் கட்டும் முறையும் விடையைச் சற்று மாற்றும். ஆனால் முடிவு மாறாது. அகலமான நாடா, தொய்வான கட்டு, பருத்த மரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் மரத்துக்குத் துன்பம் மிகக் குறைவு. மெல்லிய கயிறு, விறைப்பான கட்டு, இளமரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால், ஆடும் ஒவ்வொரு முறையும் கயிறு ரம்பம்போல் பட்டையை அறுக்கும்.

பல பூங்காக்களின் விதிகளில் நாடாவின் அகலமும், மரத்தின் குறைந்தபட்சப் பருமனும், ஒரு மரத்துக்கு இத்தனை படுக்கைதான் என்ற எண்ணிக்கையும் குறிக்கப்பட்டிருப்பது இதனால்தான். அவற்றை எழுதியவர்கள் மரத்தை அறிந்தவர்கள். அத்தகைய விதிக்கு நான் தலைவணங்குகிறேன்.

மண்ணின் பக்கமும் கேட்போம்

தொங்குபடுக்கைக்குச் சாதகமாகச் சொல்லவேண்டிய ஒன்றும் இருக்கிறது. கூடாரம் தரையை மூடுகிறது, புல்லை நசுக்குகிறது, மண்ணை இறுக்குகிறது. நல்ல மண்ணின் கனஅளவில் ஏறத்தாழப் பாதி வெற்றிடம். காற்றும் நீரும் தங்குவது அங்கேதான். வேருக்கும் மூச்சுவிட ஆக்ஸிஜன் வேண்டும். மண் இறுகினால் வெற்றிடம் சுருங்கி, வேர் திணறும். தொங்குபடுக்கையோ தரையைத் தொடுவதே இல்லை. அப்படியிருக்க, ஒரு பூங்கா கூடாரத்தை அனுமதித்துவிட்டு, காரணம் சொல்லாமல் தொங்குபடுக்கையைத் தடுத்தால் என்ன ஆகும்? கெடுதி மரத்தண்டிலிருந்து வேருக்கு இடம் மாறும், அவ்வளவே. மரத்தைக் காத்ததாகச் சொல்லமுடியாது.

ஆனால் தொங்குபடுக்கையில் படுப்பவர் பறந்து வருவதில்லை. நடந்துதான் வருகிறார். இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கலிஃபோர்னியாவின் ரெட்வுட் தேசியப் பூங்காவில் 'ஹைபீரியன்' என்ற மரம் இருக்கிறது. 2006-இல் கண்டறியப்பட்ட அதன் உயரம் 115 மீட்டருக்கும் மேல். இன்று உயிரோடிருக்கும் மரங்களில் மிக உயரமானது என அறியப்பட்டது அது. அதைக் காண வந்தவர்கள் பாதையில்லாத காட்டை மிதித்து மிதித்துப் பாதையாக்கினார்கள். மரத்தடியில் வளர்ந்த பெரணிகள் அழிந்தன. 2022-இல் பூங்கா அந்தப் பகுதியையே மூடிவிட்டது. மீறினால் 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு என எச்சரித்தது. வந்தவர்களில் ஒருவர்கூட மரத்தை அழிக்க எண்ணியிருக்கமாட்டார். எல்லாரும் அதை வியந்து பார்க்க வந்தவர்களே!

ஒருவர் செய்தால் ஒன்றுமில்லை. ஆயிரம் பேர் செய்தால் அழிவு. பொது இடத்து விதிகள் பலவற்றுக்கும் அடிப்படை இதுவே. "நான் ஒருவன்தானே" என்ற வாதம் பொது இடத்தில் எடுபடாததும் இதனால்தான்.

தடை எப்போது சரி?

அப்படியானால் எங்கும் தடை கூடாது என்கிறேனா? இல்லை. சில இடங்களில் தடைதான் சரியான விதி. கலிஃபோர்னியப் பாலைவனத்தில் உள்ள ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில், பாறை ஏறுவோர் தம் கயிற்றை எந்தத் தாவரத்திலும் கட்டக்கூடாது. அப்பூங்காவுக்குப் பெயர் தந்த ஜோஷுவா மரம் யுக்கா இனத்தைச் சேர்ந்தது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே வளர்வது. ஓர் இரவில் முறிந்ததை ஈடுசெய்ய ஒரு மனித ஆயுளே வேண்டும். அங்கே அகல நாடா, குறுகிய நாடா என்று பேரம் பேச இடமில்லை.

மனித உயிர் பற்றியும் எண்ணவேண்டும். பட்டுப்போன மரத்திலோ செங்கல் தூணிலோ கட்டுவது ஆபத்து. 2020-இல் அமெரிக்காவில் ஒரு வீட்டில், தொங்குபடுக்கை கட்டியிருந்த செங்கல் தூணே சாய்ந்து விழுந்து உயிர்கள் போயின. செங்கல் தூண் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. நாம் போட்ட கணக்கு இங்கும் பேசுகிறது.

"இவ்வளவு நுணுக்கம் எதற்கு? காவலர் ஒவ்வொரு நாடாவையும் அளந்துகொண்டிருக்க முடியுமா? அடியோடு தடுத்துவிட்டால் வேலை எளிது" என்பார்கள். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. பரந்த காட்டுக்கு இருப்பது ஒரு சில காவலர்களே. ஆனால் கயிறா, நாடாவா என்பது பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். மரம் பருத்ததா, இளையதா என்பதும் தெரியும். அதோடு, காரணம் தெரியாத விதியைக் காவலர் கண்முன் மட்டுமே மக்கள் கைக்கொள்வார்கள். காரணம் தெரிந்த விதியை, காவலர் இல்லாத இடத்திலும் கைக்கொள்வார்கள். காட்டில் காவலர் இல்லாத இடமே மிகுதி!

"தொங்குபடுக்கை கூடாது" என்ற பலகைக்குப் பதில், "மெல்லிய கயிறு மரத்தின் உணவுப் பாதையை நசுக்கும், அகல நாடாவைப் பயன்படுத்துங்கள், இளமரங்களை விட்டுவிடுங்கள்" என்று எழுதினால் எத்தனை சொற்கள் கூடிவிடும்? இன்னும் நல்ல வழியும் இருக்கிறது. தொங்குபடுக்கைக்கென்றே உறுதியான கம்பங்களை நட்டுவைத்திருக்கும் பூங்காக்கள் உண்டு. மரத்துக்கும் துன்பமில்லை, மனிதருக்கும் ஏமாற்றமில்லை. 'கூடாது' என்று சொல்லுமுன் 'வேறெங்கே கட்டலாம்' என்று காட்டுவது நல்ல நிர்வாகத்தின் இலக்கணம்.

நம் தெருவில்

அமெரிக்கப் பூங்கா நமக்குத் தொலைவு. ஆனால் ஃபுளோயமும் கேம்பியமும் நம் தெரு மரங்களிலும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. விளம்பரத் தட்டிக்காக அடித்த ஆணி, துணி உலர்த்தக் கட்டிய கம்பி, திருவிழாவுக்குச் சுற்றிப் பின் அவிழ்க்க மறந்த சீரியல் விளக்கு வயர் ஆகியவை தொங்குபடுக்கையைவிடக் கொடியவை. தொங்குபடுக்கையைக் கட்டியவர் காலையில் அவிழ்த்துக்கொண்டு போய்விடுகிறார். கம்பியோ அங்கேயே இருக்கிறது. மரம் ஆண்டுதோறும் பருக்கிறது, கம்பி பருக்காது. கடைசியில் கம்பி பட்டைக்குள் புதைந்து, மால்பிகி உரித்த வளையத்தைப் போலவே உணவுப் பாதையை நெரித்துவிடும்.

நாளை பள்ளிக்குப் போகும்போது, வளாகத்து மரங்களை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கம்பி கட்டிய மரம் இருந்தால், அதற்கு மேலே பட்டை வீங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். இன்னும் புதையாத கம்பியாக இருந்தால், ஆசிரியரிடம் சொல்லி அவிழ்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஆழப் புதைந்திருந்தால் பிடுங்கி இழுக்காதீர்கள். அதனால் காயம் பெரிதாகும். விவரம் அறிந்த பெரியவர்களை அழைத்துக் காட்டுங்கள்.

இன்னொன்று. 'கூடாது' என்ற பலகையை எங்கே கண்டாலும் இரண்டு காரியங்கள் செய்யுங்கள். முதலாவதாக, கீழ்ப்படியுங்கள், நமக்குத் தெரியாத காரணம் அதற்கு இருக்கக்கூடும். இரண்டாவதாக, அந்தக் காரணத்தைத் தேடுங்கள். தேடிக் கிடைத்தால், விதி உங்களுடையதாகிவிடும். தேடியும் கிடைக்காவிட்டால், பலகை வைத்தவரிடம் பணிவாகக் கேளுங்கள். பதில் சொல்வது அவர் கடமை.

கேட்க வேண்டியவர் நாம்தான். கம்பி இறுகும்போது மரம் கேட்காது.